இடாப்பில் 52 சிவப்பு வட்டங்கள்: பாடசாலைக்கு வராத நாட்களும் பல்கலைக்கழக அனுமதியும்

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து படித்த ஒரு மாணவி. 2024 க.பொ.த. உயர்தரம், உயிரியல் பிரிவு, தமிழ் மொழிமூலம். தரம் 12இல் பாடசாலை நடந்த 178 நாட்களில் 166 நாள் வந்தாள். தரம் 13இல் 164 நாட்களில் 112 நாள்தான் வந்தாள். மிச்சம் 52 நாளும் வரவு இடாப்பில் சிவப்பு மை வட்டங்கள். அந்த வட்டங்களைப் போட்டவள் அவளுடைய வகுப்பாசிரியையான நான். அவள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தபோது பாடசாலையின் சார்பில் கடிதம் எழுதியதும் நான்தான். குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பெற்றோர் கூட்டங்களில் இரண்டு விதமான பேச்சை ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். ஒரு பக்கம், "லீவு கூடினால் வெளிநாட்டுக் கம்பஸ் ஒன்றும் எடுக்காதாம், உண்மையோ ரீச்சர்?" என்ற பயம். மறுபக்கம், "ஏ.எல். பிள்ளைக்கு ஸ்கூல் என்னத்துக்கு? ரியூசன் காணும்" என்ற துணிவு. இந்த மாணவியின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் இரண்டு பேச்சும் பிழை. எத்தனை நாள் வரவில்லை என்ற தொகையை அனுமதி கொடுப்பவர்கள் அநேகமாகப் பார்ப்பதே இல்லை. வராத நாள் புள்ளிப் பட்டியலில் ஏதோ ஒரு கட்டத்தை வெறுமையாக்கிவிட்டுப் போகிறதே, அந்தக் கட்டம்தான் அவர்கள் கண்ணில் படுகிறது.

உள்ளூர் வாசல்

முதலில் நம்முடைய முறையைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் தரப்படுத்தலிலிருந்து நம்மவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதி என்றாலே மனதில் வருவது வெட்டுப்புள்ளி. இன்றைக்கும் அதுதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மூன்று பாடங்களின் இசட் புள்ளியை, அதாவது பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளியை, பார்க்கிறது. பெரும்பாலான துறைகளில் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் போகிறது. கொழும்பு அந்தப் பின்தங்கிய பட்டியலில் இல்லை. நுவரெலியாவிலிருந்து வந்து இங்கே படிக்கும் பிள்ளைகள் பலர் இதை உயர்தரத்துக்குப் பதியும்போதுதான் உணர்கிறார்கள். மாவட்டம் தீர்மானிக்கப்படுவது எங்கே படித்தார்கள் என்பதைக் கொண்டு. சொந்த ஊரைக் கொண்டு அல்ல.

இந்த முழுக் கணக்கிலும் வரவுக்கு இடமே இல்லை. தவணைப் பரீட்சைப் புள்ளிக்கும் இல்லை, அதிபரின் நற்சான்றிதழுக்கும் இல்லை. வரவு குறுக்கே நிற்பது ஒரே ஒரு வாசலில். பாடசாலைப் பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத வேண்டுமானால் 80 சதவீத வரவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வேண்டியதுதான். அப்படி எழுதினாலும் இசட் புள்ளி ஒரே விதமாகத்தான் கணிக்கப்படுகிறது. அதனால்தான் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதிப் பக்கம் காலை பத்து மணிக்குப் போனால், பாடசாலையில் இருக்க வேண்டிய பிள்ளைகள் ரியூட்டரி வாசலில் நிற்பார்கள். உள்ளூர் முறை அவர்களைத் தண்டிப்பதில்லை. எனக்கு இதில் மிகுந்த மனக்கவலை உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் கணக்குத் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை.

இந்த மாணவியின் கணக்கை நாங்கள் இரண்டு ஆண்டையும் சேர்த்தே பார்த்தோம். 342 நாளில் 278 நாள். 81 சதவீதத்துக்குச் சற்று மேல். 80க்குத் தேவையான எண்ணிக்கை 274. நான்கு நாள்தான் கையிருப்பு. ஒக்டோபரில் ஒரு மாலை ஆசிரியர் அறையில் தனியே இருந்து இடாப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் தொட்டு எண்ணினேன். இரண்டு முறை எண்ணியும் 278தான் வந்தது. மூன்றாம் முறை எண்ணப் பயமாக இருந்தது.

52 நாள் எங்கே போனது

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை இடைவேளையில் வந்து நின்றாள். "மிஸ், இனிச் செவ்வாயும் வெள்ளியும் நான் வரமாட்டன்" என்றாள். ரியூசன் குழு வகுப்பு ஏதோ தொடங்கியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அதனால் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "எண்பது சதவீதம் தெரியும்தானே" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு நிமிடம் இன்னும் என்னை உறுத்துகிறது. கேட்டிருந்தால் நாலு மாதம் முந்தியே எல்லாம் தெரிந்திருக்கும்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் டயலிசிஸ். தகப்பன் கட்டாரில் வேலை. தம்பி ஒன்பதாம் தரம். அதிகாலை ஐந்தரைக்கு ஓட்டோவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் போட்டபின் நான்கு மணித்தியாலம் வெளியே வாங்கில் இருந்து, தலைசுற்றும் அம்மாவைத் தாங்கிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைக்க வேண்டும். ஓகஸ்ட் கடைசியில் வவுனியாவிலிருந்து சித்தி வந்து பொறுப்பெடுக்கும்வரை அவள்தான் போனாள். சில கிழமைகளில் பக்கத்து வீட்டு அக்கா கைகொடுத்ததால், இந்தக் காரணத்துக்காகத் தவறிய பாடசாலை நாள் 29ஓடு நின்றது.

இதற்கு நடுவில் ஜூலையில் அவளுக்கே டெங்கு. கொழும்பில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து தொடங்கும். பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு சேலைனோடு இரண்டு நாள் கிடந்தாள். வீட்டுக்கு வந்தபின்னும் கிழமைக்கணக்கில் உடம்பு எழும்பவில்லை. அதில் 17 நாள் போயிற்று. இரண்டாம் தவணைப் பரீட்சை முழுவதும் அந்த 17 நாளுக்குள் அகப்பட்டுவிட்டது. மிச்சம் ஆறு நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் சாதாரண லீவு.

17, 29, 6. கூட்டினால் 52. எண்ணாகப் பார்த்தால் தரம் 13இல் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டிய நாட்கள் அவள் வரவில்லை. அமெரிக்காவில் பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளையைத் 'தொடர்ந்து வராதவர்' என்று வகைப்படுத்துகிறார்கள். 180 நாள் பள்ளியில் 18 நாள். இவள் அந்த அளவை மூன்று மடங்கு தாண்டிவிட்டாள்.

அங்கே என்ன பார்க்கிறார்கள்

அவள் விண்ணப்பித்தது, பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் 'கொமன் அப்' என்ற பொது விண்ணப்பத்தில். மாணவர் ஒரு பகுதியை நிரப்புவார். பாடசாலை தன் பகுதியைத் தனியாக அனுப்பும்: ஒரு பாடசாலை அறிக்கை, ஆலோசகரின் கடிதம், நான்கு ஆண்டுப் புள்ளிப் பட்டியல். பிறகு அரையாண்டு அறிக்கை, கடைசியில் இறுதி அறிக்கை. நம் பாடசாலைகளில் ஆலோசகர் என்று தனியே ஒருவர் இல்லாததால் அந்தப் பொறுப்பு வகுப்பாசிரியர் தலையில் விழுகிறது. இதைச் செய்து பழக்கமில்லாத நான், கொழும்பில் புல்பிரைட் ஆணைக்குழுவிலுள்ள 'எடியுகேஷன் யுஎஸ்ஏ' என்ற, அமெரிக்கப் படிப்புக்கான ஆலோசனைப் பிரிவுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தொடங்கினேன்.

நான் பயந்த கேள்வி படிவத்தில் இல்லவே இல்லை. 'மாணவர் எத்தனை நாள் வரவில்லை?' என்று ஒரு கட்டம் இருக்கும் என்று தேடினேன், கிடைக்கவில்லை. அமெரிக்காவில் சில பள்ளிகள் புள்ளிப் பட்டியலிலேயே வராத நாட்களை அச்சிடுகின்றன. பல பள்ளிகள் அச்சிடுவதில்லை. கொவிட்டுக்குப் பின் அங்கேயும் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது பெரிய பிரச்சினை. 2018–19இல் ஏறத்தாழ 15 சதவீதமாக இருந்த தொடர்ந்து வராதவர் பங்கு 2021–22இல் 28 சதவீதம்வரை ஏறியது. நிலைமை அப்படி இருந்தும் விண்ணப்பத்தில் வரவுக்கென்று தனிக் கேள்வி வைக்கவில்லை.

அப்படியானால் வரவு எதையும் பாதிக்காதா? பாதிக்கும். ஆனால் நேரே வந்து பாதிக்காது. அவர்கள் வாசிப்பது புள்ளி ஏறி இறங்கும் போக்கை. முதலாம் தவணையில் 71 எடுத்தவள் இரண்டாம் தவணையில் என்ன ஆனாள்? ஒரு பாடத்தில் மட்டும் இறக்கமா, எல்லாவற்றிலுமா? கடிதம் எழுதிய ஆசிரியருக்கு இந்தப் பிள்ளையை உண்மையில் தெரியுமா? வராத நாட்கள் இந்தக் கேள்விகளுக்குள் ஒளிந்துகொண்டு வந்து நிற்கின்றன. இடம் கிடைத்த பிறகும் விடுவதில்லை. இறுதி அறிக்கையில் புள்ளி பெரிதாக விழுந்திருந்தால் கொடுத்த இடத்தைத் திருப்பி எடுக்கும் உரிமையைக் கல்லூரிகள் வைத்திருக்கின்றன.

இன்னொன்றை நம் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 உயர்தரம் நவம்பர் கடைசியில் தொடங்கி, மழை வெள்ளத்தால் இடையில் நின்று, டிசம்பரில் முடிந்தது. பெறுபேறு வந்தது 2025 ஏப்ரல் கடைசியில். அமெரிக்கக் கல்லூரிகள் முடிவு சொல்வது மார்ச் கடைசியில். அதாவது, அவளைப் பற்றி அவர்கள் தீர்மானித்த நாளில் அவளுக்கு இசட் புள்ளியே கிடையாது. கையில் இருந்தது ஓ.எல். (சாதாரண தரம்) பெறுபேறும் தவணைப் பரீட்சைப் புள்ளிகளும் எங்கள் எதிர்பார்ப்பு மதிப்பீடும்தான். இங்கே ஒருவரும் மதிக்காத தவணைப் பரீட்சை அங்கே முழுப் பாரத்தையும் சுமக்கிறது. 'ரியூசன் காணும்' என்ற கணக்கு பிழைக்கும் இடம் இதுதான்.

சிறுகோடு போட்ட மூன்று கட்டங்கள்

அவளுடைய தரம் 13 தேர்ச்சி அறிக்கை என் முன்னால் இருக்கிறது. முதலாம் தவணை: உயிரியல் 68, இரசாயனவியல் 71, பௌதிகவியல் 59. இரண்டாம் தவணை: மூன்று கட்டத்திலும் ஒரு சிறுகோடு. மூன்றாம் தவணை: 72, 66, 52.

அந்தக் கோட்டை நான்தான் போட்டேன். வராத பிள்ளைக்கு எல்லா ஆசிரியரும் அப்படித்தான் போடுவோம். எங்களுக்குள் அதன் அர்த்தம் தெரியும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அறிக்கையை ஆங்கிலத்துக்கு மாற்றியபோது கோட்டை அப்படியே கோடாகவே போட்டுத் தந்தார். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் எங்கோ ஒரு தூரத்து மேசையில் இதைப் பார்க்கிறவருக்கு அந்தக் கோடு என்ன சொல்லும்? பாடத்தைக் கைவிட்டாளா? பரீட்சையைத் தவிர்த்தாளா? பாடசாலை புள்ளியை மறைக்கிறதா? மூன்றுக்கும் இடம் கொடுக்கிற கோடு அது.

ஓகஸ்டில், உடம்பு தேறியபின், இரண்டாம் தவணை வினாத்தாளை அவளுக்குத் தனியே கொடுத்து எழுத வைக்கலாமா என்று அதிபரிடம் கேட்டேன். "பிந்தி எழுதினதுக்குப் புள்ளி போட ஏலாது, மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வினாத்தாள் வகுப்பில் ஏற்கெனவே திருத்திக் கொடுக்கப்பட்டுவிட்டது. நீண்ட நேரம் கதைத்தபின் ஒரு வழி கண்டோம். மூன்று பாட ஆசிரியர்களும் அதே அளவில் புது வினாத்தாள் தயாரித்தார்கள். அந்தப் புள்ளி வகுப்பு நிலைக்குச் சேராது. புள்ளிப் பட்டியலில் கோட்டுக்குப் பதிலாக ஓர் உடுக்குறி. அடியில், 'டெங்குக் காய்ச்சலால் இரண்டாம் தவணைப் பரீட்சைக்குச் சமுகமளிக்கவில்லை. ஓகஸ்டில் தனியாக எழுதிய பரீட்சையின் புள்ளிகள் 63, 58, 49' என்ற குறிப்பு. அதன் கீழே அதிபரின் கையொப்பம், முத்திரை.

அந்தப் புள்ளிகள் அழகானவை அல்ல. பௌதிகவியலில் 49 என்று எழுத எனக்கே கை கூசியது. ஆனாலும் வெறுங்கோட்டைவிட 49 எவ்வளவோ மேல் என்று இப்போதும் நம்புகிறேன். 59, 49, 52 என்று வரிசையாக வாசிக்கிறவருக்கு ஒரு பிள்ளை விழுந்து எழும்பிக்கொண்டிருப்பது தெரியும். கோடு ஒன்றையும் சொல்லாது.

கொவிட் காலத்து ஓட்டை வேறு இருந்தது. இந்தப் பிள்ளைகள் தரம் 10இல் இருந்தபோது 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் வரிசைகளுக்கு நடுவே ஓ.எல். எழுதினார்கள். தரம் 10, 11இல் பல தவணைப் பரீட்சைகள் நடக்கவே இல்லை. இது இவளுடைய தனிப் பிரச்சினை அல்ல, முழு நாட்டினதும். அதை இவளுடைய கடிதத்தில் எழுதி இடத்தை வீணாக்காமல், பாடசாலையைப் பற்றிய அறிமுகத் தாளில் ஒரு பந்தியாகப் போட்டோம். ஒருமுறை எழுதியது அந்த வருடம் விண்ணப்பித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவியது.

கடிதம்

என் முதல் வரைவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். 'ஒழுக்கமும் பணிவும் நிறைந்த மாணவி, ஆசிரியர்களை மதிப்பவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.' விடுகைப் பத்திரத்தோடு கொடுக்கும் நற்சான்றிதழின் பாஷை. இருபது வருடமாக எழுதி எழுதிக் கையில் ஊறிப்போனது. பெயரை மாற்றினால் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். 52 நாளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, ஏனென்றால் குறையைச் சொல்லி ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன்.

இரண்டாவது வரைவுக்கு முன் அம்மாவைப் பார்க்கப் போனேன். மற்றொருவருடைய நோயை அவரிடம் கேட்காமல் எழுத முடியாது. கையில் கட்டுத் துணியோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "ரீச்சர், என்ட வருத்தத்தை எழுதினால் பிள்ளைக்கு இடம் தரமாட்டினமோ? பிறகு இதுக்குள்ள கல்யாணப் பேச்சு, அது இது எண்டு..." என்று நிறுத்திவிட்டார். வீட்டு வருத்தத்தை வெளியே சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்துப் பழகிய சனம் நாங்கள். நான் அவசரப்படுத்தவில்லை. எதை எழுதுவேன் என்பதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மூன்று நாள் கழித்து மகளிடம் சம்மதம் சொல்லி அனுப்பினார். மருத்துவ விவரம் எதுவும் வேண்டாம், 'கிழமைக்கு இரண்டு தரம் வைத்தியசாலைச் சிகிச்சை' என்று மட்டும் போடும்படி கேட்டார். அப்படியே போட்டேன்.

கடைசியாகப் போன கடிதத்தில் நாட்கணக்கு முதல் பந்தியிலேயே இருந்தது. 52 நாள், அதில் 17 இன்ன காரணம், 29 இன்ன காரணம். மருத்துவச் சான்றும் வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்ட்டும் எங்கள் கோப்பில் இருக்கின்றன என்று ஒரு வரி. அதற்குப் பிறகு நான் கண்ணால் கண்டதை எழுதினேன். எங்கள் இரசாயனச் செய்முறை வகுப்பு செவ்வாயில். அவள் வராத நாள். வியாழன் பாடசாலை விட்டபின் ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, தவறவிட்ட உப்புப் பகுப்பை ஒற்றையாக நின்று செய்வாள். சிநேகிதியின் கொப்பியைப் பார்த்து எழுதிய பக்கங்களில் ஓரத்தில் பென்சிலால் சின்னக் கேள்விக்குறி போட்டிருப்பாள். அந்தக் கேள்விக்குறிகளோடு புதன் காலை முதல் மணிக்கு முன்பே ஆசிரியர் அறை வாசலில் நிற்பாள். விடை கிடைத்ததும் கேள்விக்குறியை அழித்துவிடுவாள். கொப்பியில் அழிக்காமல் மிஞ்சிய குறிகளை நான் எண்ணியிருக்கிறேன். பௌதிகவியலில்தான் அதிகம். 52 புள்ளிக்கு அதுவே விளக்கம்.

அவளுடைய பகுதியிலும் திருத்த வேண்டியிருந்தது. கட்டுரையின் முதல் வடிவம் முழுக்க அம்மாவின் நோய். வாசிக்க நெஞ்சு கனத்தது. ஆனால் அதில் அவள் இல்லை, அம்மாதான் இருந்தார். நோயையும் நாட்களையும் 'மேலதிகத் தகவல்' பகுதிக்கு மாற்றி ஆறு வசனத்தில் முடிக்கச் சொன்னேன். அப்போது அந்தப் பகுதிக்கு 650 சொல்வரை இடம் இருந்தது. 2025–26 விண்ணப்பத்திலிருந்து 300 ஆகக் குறைத்துவிட்டார்கள். இடம் இருக்கிறதென்று நிரப்பத் தேவையில்லை. என்ன நடந்தது, எப்போது, எத்தனை நாள், இப்போது நிலைமை என்ன. இவ்வளவு போதும். அழுகையும் மன்னிப்பும் வேண்டாம். கட்டுரையை அவள் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து பக்கத்திலிருப்பவர்களின் சிங்கள மருந்துத் துண்டுகளைத் தமிழில் வாசித்துச் சொல்லப் பழகியதைப் பற்றி எழுதினாள். அந்த யோசனை முழுவதும் அவளுடையது.

செயற்பாடுகள் பகுதியை வெறுமையாக விட்டிருந்தாள். "மிஸ், நான் ஒரு கிளப்பிலும் இல்லையே" என்றாள். அந்தப் பட்டியலில் குடும்பப் பொறுப்புகள் என்றே ஒரு வகை இருக்கிறது. கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்றும் கேட்கிறார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி, சமையல், தம்பியின் படிப்பு எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது கிழமைக்கு 26 மணித்தியாலம் வந்தது. அவளே அதைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை

ஒரு மாணவனின் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டிலும் அவன் வராத நாட்கள் 80க்கு மேல். எல்லாமே ரியூசன். கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. 80 சதவீதம் இல்லாததால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினான். அது அவனைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இடி விழுந்தது பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு 'யூகாஸ்' மூலம் விண்ணப்பிக்க வந்தபோது. 2025 சேர்க்கைக்கான முக்கிய கடைசித் திகதி ஜனவரி 29. பெறுபேறு வராத நிலையில் ஆசிரியர் எதிர்பார்ப்புப் புள்ளி கொடுக்க வேண்டும், பரிந்துரை எழுத வேண்டும். தரம் 13இல் ஒரு தவணைப் பரீட்சைகூட எழுதாத பிள்ளைக்கு நான் எதைக் கொண்டு மதிப்பிடுவது? ரியூசன் ஆசிரியரின் புள்ளித்தாளைக் கொண்டுவந்தான். அதை என் மதிப்பீடாகக் கையெழுத்திட எனக்கு மனம் ஒப்பவில்லை. தகப்பனுக்கு என்மேல் கோபம். பெறுபேறு வந்தபின் அடுத்த சுற்றில் விண்ணப்பித்தான். நல்ல பெறுபேறுதான். ஒரு வருடம் போய்விட்டது.

இவன் வராத நாட்களும் அவள் வராத நாட்களும் இடாப்பில் ஒரே நிறம், ஒரே வட்டம். அவளுடையதற்குச் சொல்லக் கதையும் காட்டத் தாளும் இருந்தன. அவனுடையதற்கு இருந்தது ஒரே காரணம், அதையும் எழுத முடியாது.

என்ன நடந்தது

அவள் நான்கு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு மறுத்தன. ஒன்று காத்திருப்போர் பட்டியலில் போட்டது. ஒரு சிறிய கல்லூரி நிதியுதவியோடு இடம் கொடுத்தது. கடிதம்தான் இடத்தை வாங்கித் தந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மறுத்த இரண்டும் அதே கடிதத்தைத்தான் வாசித்தன. வெளிநாட்டு மாணவருக்கு நிதியுதவியோடு இடம் கிடைப்பதே கடினம். வரவு எவ்வளவு பாரம் போட்டது, பௌதிகவியல் எவ்வளவு போட்டது என்று ஒரு கோப்பைக் கொண்டு பிரித்துப் பார்க்க முடியாது. இடம் கொடுத்த கல்லூரி பெப்ரவரியில் எனக்கு அனுப்பிய மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: மூன்றாம் தவணைக் காலத்தில் வரவு எப்படி? சித்தி வந்ததிலிருந்து பரீட்சை லீவுவரை அவள் தவறவிட்டது இரண்டு நாள் என்று இடாப்பைப் பார்த்துப் பதில் எழுதினேன்.

ஏப்ரலில் பெறுபேறு வந்தது. இரண்டு பி, ஒரு சி. கொழும்பு மாவட்டத்தில் மருத்துவத்துக்குக் காணாது. அதை அவள் முன்பே தெரிந்து வைத்திருந்தாள். அமெரிக்க இடத்தை ஏற்றுக்கொண்டு, சேர்வதை ஒரு வருடம் தள்ளிவைக்க அனுமதி கேட்டாள், கொடுத்தார்கள். சித்திக்குத் தன் வீட்டைப் பார்க்க வவுனியா திரும்ப வேண்டியிருந்தது. அதனால் செவ்வாயும் வெள்ளியும் மறுபடி அவள் கைக்கே வந்துவிட்டன.

எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பாசிரியர்கள் இப்போது இடாப்போடு ஒரு 80 பக்கக் கொப்பியும் வைத்திருக்கிறோம். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே தொலைபேசி எடுத்து, காரணத்தைத் திகதியோடு எழுதுகிறோம். தவணைப் பரீட்சையைத் தவறவிட்ட பிள்ளைக்கு இரண்டு கிழமைக்குள் மறு வினாத்தாள். கட்டத்தில் கோடு போடுவதில்லை, காரணத்தைச் சொல்லால் எழுதுகிறோம்.

அவளுடைய தம்பி இப்போது பத்தாம் தரம், வேறொரு பாடசாலை. அக்கா போகுமுன் பழக வேண்டும் என்று மாதத்தில் இரண்டு வெள்ளி அவனும் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறான். போன கிழமை அவள் என்னிடம் வந்தது அதற்காகத்தான். தம்பியின் வகுப்பாசிரியருக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதியிருந்தாள். தமிழ் சரியா என்று பார்த்துத் தரும்படி கேட்டாள். அரைப் பக்கம். என்ன காரணம், எந்தெந்த நாள், தவறும் பாடத்தை எப்போது செய்து முடிப்பான். ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.